ஹென்றி ஃபோர்டு எப்படிப்பட்ட முதலாளி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலிடெக்னிக் வகுப்புகளிலும் சிறுதொழில் செய்பவர்களின் கூட்டங்களிலும் பேசப் போனால் அமெரிக்கக் கார் முதலாளி ஹென்றி ஃபோர்டு பெயர் எப்படியும் வந்துவிடுகிறது. பாதிப் பேருக்கு அவர் தெய்வம். மீதிப் பேருக்கு, மனிதனை இயந்திரத்தோடு சேர்த்துக் கட்டிப்போட்டவர். இரண்டு தரப்பும் கேட்கிற கேள்விகள் மட்டும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். நான் வரலாற்று ஆசிரியன் அல்ல. இருபது வருடத்துக்கு மேல் பம்ப்செட் உற்பத்தியில் ஃபோர்மேனாக இருந்தவன். பதில்களில் அந்த கிரீஸ் வாடை கொஞ்சம் அடிக்கும்.

காரைக் கண்டுபிடித்தது ஃபோர்டுதானே?

இல்லை. ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் 1886-இலேயே காப்புரிமை வாங்கிவிட்டார். அமெரிக்காவில் டூரியா சகோதரர்கள் 1893-இல் வண்டி ஓட்டிக் காட்டினார்கள். எண்ணிக்கையில் அதிகமாகக் கார் செய்து விற்றதிலும் ஃபோர்டு முதல் ஆள் இல்லை. 1901-இலேயே ரேன்சம் ஓல்ட்ஸ் அதைத் தொடங்கியிருந்தார். டாக்டரும் வக்கீலும் மட்டும் வைத்திருந்த பொருளை விவசாயி வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தியதுதான் ஃபோர்டு செய்த வேலை.

படித்தவரா? பணக்கார வீட்டுப் பிள்ளையா?

இரண்டும் இல்லை. 1863 ஜூலை 30-ஆம் தேதி, மிச்சிகன் மாநிலத்தில் டியர்பார்ன் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். அப்பா வில்லியம் அயர்லாந்திலிருந்து வந்து குடியேறியவர். பையனுக்கு மாடு, வைக்கோல் எதிலும் மனம் ஒட்டவில்லை. கைக்கடிகாரத்தைப் பிரித்து மாட்டுவதுதான் பொழுதுபோக்கு. 16 வயதில் டெட்ராய்ட் போய் மெஷின் ஷாப்பில் தொழில் பழகினார். 1891-இல் எடிசன் மின்சார நிறுவனத்தில் சேர்ந்து இரண்டே வருடத்தில் தலைமைப் பொறியாளர் ஆனார்.

இங்கே ஒரு காட்சியைச் சொல்ல வேண்டும். 1893, கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு. மனைவி கிளாரா மறுநாள் சமையலுக்கான வேலையில் இருக்கிறார். ஏழு வாரக் குழந்தை எட்சல் பக்கத்து அறையில் தூங்குகிறது. ஃபோர்டு ஒரு பலகையில் பூட்டிய சின்ன இன்ஜினைக் கொண்டுவந்து சமையலறைத் தொட்டியில் வைத்து இறுக்குகிறார். தீப்பொறிக்கு வீட்டு விளக்கின் மின்கம்பி. பெட்ரோலைச் சொட்டுச் சொட்டாக விடும் வேலை கிளாராவுக்கு. சக்கரத்தைச் சுழற்றியதும் இன்ஜின் இருமி, உறுமி, தொட்டியே அதிர ஓடியது. இரண்டரை வருடம் கழித்து, 1896 ஜூன் 4 விடியற்காலையில் முதல் வண்டி தயார். நான்கு சைக்கிள் சக்கரம் வைத்த வண்டி. கொட்டகைக் கதவுக்குள் அது நுழையவில்லை. கோடாரியை எடுத்துச் செங்கல் சுவரை உடைத்து வெளியே எடுத்தார்கள். வண்டியை அளந்த மனிதர் கதவை அளக்கவில்லை. இந்தக் குணம் கடைசி வரை அவரிடம் இருந்தது.

முதல் இரண்டு கம்பெனிகளில் தோற்றார் என்பது உண்மையா?

உண்மை. ஆனால் சுயமுன்னேற்றப் பேச்சாளர்கள் சொல்கிற மாதிரி ‘விதி அடித்தது, வீரன் எழுந்தான்’ கதை இல்லை அது. 1899-இல் தொடங்கிய டெட்ராய்ட் ஆட்டோமொபைல் கம்பெனி 1901 ஜனவரியில் மூடப்பட்டது. வண்டியைத் திருத்திக்கொண்டே இருந்தாரே தவிர, விற்கக் கொடுக்கவில்லை. பணம் போட்டவர்கள் எத்தனை நாள் காத்திருப்பார்கள்? அடுத்து அவர் பெயரிலேயே ஒரு கம்பெனி. அங்கே முதலீட்டாளர்கள் ஹென்றி லேலண்ட் என்ற துல்லிய வேலைக்காரரை ஆலோசகராகக் கூட்டிவந்ததும், 1902 மார்ச்சில் ஃபோர்டு 900 டாலரை வாங்கிக்கொண்டு வெளியேறினார். மிச்சமிருந்ததை வைத்து லேலண்ட் உருவாக்கியதுதான் காடிலாக். அதாவது ஃபோர்டு கைவிட்ட பட்டறையில் இன்னொருவர் நல்ல கார் செய்து காட்டினார். தப்பு பாதிக்கு மேல் ஃபோர்டு பக்கம்தான்.

நடுவில் அவர் செய்த கெட்டிக்காரத்தனம் ஒன்று உண்டு. 1901 அக்டோபரில், அன்றைக்குப் பெயர்பெற்ற பந்தயக்காரரும் கார் தயாரிப்பாளருமான அலெக்சாண்டர் விண்டனைப் பந்தயத்தில் தோற்கடித்தார். ஓட்டியது ஃபோர்டேதான். அந்த வெற்றிதான் இரண்டாவது கம்பெனிக்குப் பணம் போட ஆட்களைக் கூட்டிவந்தது.

மூன்றாவது கம்பெனி மட்டும் எப்படி நின்றது?

என் பதில்: ஜேம்ஸ் கசன்ஸ்.

1903 ஜூன் 16-ஆம் தேதி ஃபோர்டு மோட்டார் கம்பெனி பதிவானபோது கையில் வந்த ரொக்கம் 28,000 டாலர். பங்குதாரர்களில் நிலக்கரி வியாபாரி மால்கம்சன், இன்ஜின் செய்து கொடுத்த டாட்ஜ் சகோதரர்கள் இருவர், பிறகு சில வக்கீல்கள். கசன்ஸ், மால்கம்சனின் நிலக்கரி மண்டியில் கணக்கு பார்த்தவர். சிரிக்க மாட்டார், கறார். கொள்முதல், விற்பனை, டீலர், விளம்பரம் எல்லாம் அவர் கையில். ஒரு மாதத்துக்குள்ளேயே வங்கி இருப்பு 223 டாலர் 65 சென்ட்டுக்கு இறங்கிவிட்டது. ஜூலை நடுவில் சிகாகோ பல் டாக்டர் ஒருவர் 850 டாலர் அனுப்பி முதல் காரை வாங்கினார். மூச்சு வந்தது. அந்த 65 சென்ட் வரை எழுதி வைக்கிற ஆள் முந்தைய இரண்டு கம்பெனிகளில் இருந்திருந்தால் கதை வேறாகியிருக்கலாம்.

வடிவமைப்புப் பக்கத்தில் ஹெரால்ட் வில்ஸ். குளிர்காலத்தில் சூடில்லாத பட்டறையில் இருவரும் இராத்திரி வேலை பார்ப்பார்களாம். விரல் விறைத்துப்போனால் குத்துச்சண்டைக் கையுறை மாட்டிக்கொண்டு ஒருவரை ஒருவர் குத்திக்கொள்வார்களாம், இரத்த ஓட்டத்துக்காக. முதலாளியைக் குத்த முடிந்த காலம் அது. பிற்காலத்தை நினைத்தால் இந்தக் காட்சி எனக்கு அடிக்கடி ஞாபகம் வரும்.

துணிச்சலுக்கு ஓர் உதாரணம் கேட்டால்?

செல்டன் வழக்கு. ஜார்ஜ் செல்டன் என்ற காப்புரிமை வக்கீல், பெட்ரோல் காருக்கே மொத்தமாக 1895-இல் உரிமை வாங்கி வைத்திருந்தார். அதைக் காட்டி, சேர்ந்துகொண்ட கம்பெனிகள் எல்லோரிடமும் காருக்கு இவ்வளவு என்று வசூலித்தன. பெரிய கம்பெனிகள் எல்லாம் கட்டிவிட்டுப் போயின. ஃபோர்டு மாட்டேன் என்றார். 1903-இல் தொடங்கிய வழக்கில் 1909-இல் தோற்றார். மேல்முறையீடு செய்தார். ‘இந்தக் காரை வாங்கியதற்காக உங்கள்மேல் வழக்கு வந்தால் நாங்கள் பொறுப்பு’ என்று வாங்குபவர்களுக்கு உறுதிப்பத்திரம் தர முன்வந்தார். 1911 ஜனவரியில் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. ஏழு வருடத்துக்கு மேல். நோட்டீஸ் ஒன்று வந்தாலே நமக்குத் தூக்கம் போய்விடுகிறது.

மாடல் டி காரில் அப்படி என்ன இருந்தது?

சேறு. அதாவது, சேற்றை மனதில் வைத்துச் செய்த கார் அது. அன்றைய அமெரிக்கக் கிராமச் சாலைகள் மழைக்காலத்தில் வயலைப் போல இருக்கும். 1908 அக்டோபரில் வந்த மாடல் டி தரையிலிருந்து நன்றாக உயர்ந்து நின்றது. சேசிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம், வளைந்து கொடுக்கும், முறியாது. எடை குறைவு, ஆனால் வனேடியம் கலந்த எஃகு என்பதால் வலு அதிகம். நான்கு சிலிண்டர், 20 குதிரைத்திறன். சிலிண்டர் தலையைத் தனியாகக் கழற்றலாம். ஸ்பேனரும் கொஞ்சம் கம்பியும் இருந்தால் விவசாயியே சரிபண்ணிக்கொள்வார்.

குறையும் உண்டு. பெட்ரோல் தொட்டி சீட்டுக்கு அடியில். பம்ப் கிடையாது, எண்ணெய் தானாக வழிந்து இறங்க வேண்டும். செங்குத்தான மேட்டில் தொட்டியில் எண்ணெய் குறைவாக இருந்தால் இன்ஜினுக்குப் போகாது. ஆகவே வண்டியைத் திருப்பி ரிவர்ஸில் மேடேறினார்கள்! யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. விலை அப்படி.

1908-இல் 850 டாலர். 1916-இல் 360. 1925 வாக்கில் 260. வேறு எந்தச் சாமான் பதினேழு வருடத்தில் இந்த அளவுக்கு விலை இறங்கியிருக்கிறது? முதலில் விலையைக் குறைத்து அறிவித்துவிடுவார். அந்த விலைக்குள் செய்ய வழி கண்டுபிடிப்பது பட்டறைக்காரர்கள் பொறுப்பு. ‘செலவு இவ்வளவு, அதனால் விலை இவ்வளவு’ என்று நாமெல்லாம் போடும் கணக்கை அவர் தலைகீழாகப் போட்டார்.

அசெம்பிளி லைன் அவர் மூளையில் உதித்ததா?

அவர் மட்டும் உட்கார்ந்து யோசித்தது இல்லை. சோரன்சன், மார்ட்டின், ஏவரி, கிளான் என்று அவருடைய ஆலையில் இருந்த பலர் சேர்ந்து செய்தது. இவர்களில் கிளான் சிகாகோவில் ஓர் இறைச்சிக்கூடத்தைப் போய்ப் பார்த்தார். அங்கே கொக்கியில் தொங்கும் மாடு நகர்ந்துகொண்டே வர, ஆளுக்கு ஒரு துண்டை அறுத்து எடுத்தார்கள். பிரிப்பதை இப்படிச் செய்யலாம் என்றால் பூட்டுவதை ஏன் செய்யக்கூடாது?

1913 ஏப்ரலில் ஹைலேண்ட் பார்க் ஆலையில் முதலில் மேக்னட்டோவில் முயன்றார்கள். மேக்னட்டோ என்றால் தீப்பொறிக்கு மின்சாரம் தரும் பாகம். அதுவரை ஒரு ஆள் மேசையில் உட்கார்ந்து முழுதாக ஒன்றைப் பூட்ட 20 நிமிடம் ஆனது. வேலையை 29 ஆளுக்குப் பிரித்து வரிசையில் நிற்க வைத்ததும் 13 நிமிடம் 10 விநாடி. அடுத்த வருடம் வரிசையின் உயரத்தை எட்டு அங்குலம் தூக்கினார்கள். 7 நிமிடம். பிறகு நகரும் வேகத்தைச் சரிபண்ணி 5 நிமிடத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

நான் மாணவர்களிடம் இந்த எட்டு அங்குலத்தில்தான் அதிக நேரம் நிற்பேன். எங்கள் யூனிட்டில் ஒரு ஃபிட்டர் அண்ணன் இருந்தார். நாள் முழுக்கக் குனிந்து குனிந்து சாயங்காலம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு போவார். ஒருநாள் வைஸ் மேசைக்கு அடியில் நான்கு செங்கல் வைத்தோம், அவ்வளவுதான். அந்த வாரமே அவருடைய எண்ணிக்கை கூடிவிட்டது. யாரும் அவரை விரட்டவில்லை.

சரி, சேசிஸுக்கு வருவோம். முதலில் கன்வேயர்கூட இல்லை. கயிற்றைக் கட்டி, சுழல் உருளையால் சேசிஸைத் தரையில் இழுத்தார்கள். பாகங்களை வழியெங்கும் குவித்து வைத்து, ஆறு பேர் கூடவே நடந்து பூட்டினார்கள். பன்னிரண்டரை மணி நேர வேலை ஆறு மணி நேரத்துக்குள் வந்தது. 1914 வசந்தத்தில் 93 நிமிடம்.

இதில் ஃபோர்டின் பங்கு என்ன என்று கேட்டால், முயன்று பார்க்க விட்டார். நேற்று வாங்கிய மெஷினை விடச் சிறந்தது இன்று வந்தால் பழையதைத் தூக்கிப்போடச் சம்மதித்தார். ‘இது யார் வேலை, யார் பதவி’ என்று யாரும் சண்டை போடாதபடி, பதவிப் பெயர்களையே பெரிதாக வைத்துக்கொள்ளவில்லை. 1913-இல் அவர் நல்ல தலைவர். இதை மனதார ஒப்புக்கொள்கிறேன்.

நாளுக்கு 5 டாலர் சம்பளம் கொடுத்தது கருணையா, கணக்கா?

கணக்கு. கொஞ்சம் கருணையும் இருந்திருக்கலாம்.

லைன் வந்ததும் ஆட்கள் ஓட ஆரம்பித்தார்கள். நாள் முழுக்க ஒரே நட்டு, ஒரே திருப்பு. யாருக்குத்தான் பிடிக்கும்? 1913-இல் ஆள் மாறும் விகிதம் 370 சதவீதம். நூறு பேர் வேலையில் நிற்க வேண்டுமென்றால் வருடத்துக்கு 370 பேரைச் சேர்க்க வேண்டும் என்று அர்த்தம். சேர்ந்தவனுக்குச் சொல்லிக்கொடுத்து முடிப்பதற்குள் அவன் இருக்க மாட்டான். ஃபோர்மேனாக இருந்தவனுக்கு இது எவ்வளவு பெரிய நரகம் என்று தெரியும்.

1914 ஜனவரி 5-ஆம் தேதி அறிவிப்பு வந்தது. 9 மணி நேரத்துக்குச் சுமார் 2.34 டாலர் என்றிருந்தது, 8 மணி நேரத்துக்கு 5 டாலர் ஆயிற்று. அறிவிப்பை நிருபர்களுக்குப் படித்துக் காட்டியது கசன்ஸ். ஃபோர்டு ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தார். மறுநாளிலிருந்து ஆலை வாசலில் ஆயிரக்கணக்கான பேர். உறையும் குளிர். ஒரு வாரம் கழித்து நெரிசல் கலவரமானபோது, தீயணைப்புக் குழாயால் தண்ணீர் பீய்ச்சிக் கூட்டத்தைக் கலைத்தார்கள். வேலை கேட்டு வந்தவர்கள் உடம்பில் தண்ணீர் பனியாக உறைந்தது. பத்திரிகைகள் அந்த ஐந்து டாலரைக் கொண்டாடிய அளவுக்கு இதைச் சொல்வதில்லை.

ஐந்து டாலர் எல்லோருக்கும் கிடைத்துவிடவும் இல்லை. பாதி சம்பளம், பாதி லாபப் பங்கு. அந்தப் பங்கு வேண்டுமென்றால் ஆறு மாதம் வேலை செய்திருக்க வேண்டும். வீட்டுக்கு விசாரணை ஆட்கள் வருவார்கள். குடிக்கிறாயா, சேமிக்கிறாயா, மனைவியோடு ஒழுங்காக இருக்கிறாயா, வீடு சுத்தமா என்றெல்லாம் பார்ப்பார்கள். பெண்களுக்குத் தொடக்கத்தில் இந்தத் திட்டமே கிடையாது. கொடுத்த சம்பளத்துக்கு வீட்டுக்குள்ளும் மேற்பார்வை செய்தார் முதலாளி.

பலன் என்னவோ பெரிது. 1915-க்குள் ஆள் ஓடுவது பெருமளவு நின்றது.

‘தன் தொழிலாளியே கார் வாங்கட்டும் என்றுதான் கொடுத்தார்’ என்கிறார்களே?

ஆலையில் இருந்தது சுமார் 14,000 பேர். செய்த கார் வருடத்துக்கு 2 லட்சத்துக்கு மேல். தொழிலாளி அத்தனை பேரும் ஆளுக்கொரு கார் வாங்கினாலும் மூலைக்கு ஆகாது. நல்ல கதை, அவ்வளவுதான்.

மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை கொடுத்தார் என்பது?

இது உண்மை, அதிகம் பேசப்படாத உண்மை. ஆலையில் உள்ள வேலைகளை எண்ண வைத்தார். 7,882 வகை வந்தது. ஒவ்வொன்றுக்கும் உடம்பில் என்ன வேண்டும் என்று பார்த்ததில், இரு கால்களும் இல்லாதவர் செய்யக்கூடியவை 670, ஒரு கால் இல்லாதவருக்கு 2,637, ஒரு கை இல்லாதவருக்கு 715, பார்வையற்றவருக்கு 10 என்று தேறியது. அவர்களுக்கும் அதே சம்பளம். வேலையைத் துண்டு துண்டாக நறுக்கியதற்கு இப்படி ஒரு நல்ல பக்கமும் இருந்தது. கறுப்பினத்தவர்களையும் மற்ற கார் கம்பெனிகளை விட அதிகமாகச் சேர்த்தார். ஆனால் அவர்களில் பலருக்குக் கிடைத்தது வார்ப்படச் சாலையின் சூட்டில் வேலை.

கறுப்பு நிறம் மட்டும்தான் கொடுத்தாரா?

1914 முதல் 1925 வரை அப்படித்தான். அதற்கு முன் பச்சை, சிவப்பு, சாம்பல் எல்லாம் இருந்தன. ஒரே நிறம் என்றால் லைன் எதற்காகவும் நிற்க வேண்டியதில்லை.

‘மக்களைக் கேட்டிருந்தால் வேகமான குதிரை வேண்டும் என்றிருப்பார்கள்’ என்று சொன்னது அவர்தானே?

அவர் வாழ்ந்த காலத்தில் அப்படிச் சொன்னதாக எந்த ஆதாரமும் இல்லை. மேடையில் இதைச் சொல்கிறவர்களிடம் ஒன்று கேட்பேன்: மக்களைக் கேட்காததால்தானே 1927-இல் அவர் ஆலையையே மூட வேண்டி வந்தது? அந்தக் கதைக்கு வருகிறேன், அதற்கு முன் பங்குதாரர் சண்டையைச் சொல்லிவிடுகிறேன்.

பங்குதாரர்கள் ஏன் வழக்குப் போட்டார்கள்?

1916-இல் கம்பெனியிடம் பணம் குவிந்து கிடந்தது. சிறப்பு ஈவுத்தொகை இனி கிடையாது, எல்லாம் ரூஜ் ஆற்றங்கரைப் புதிய ஆலைக்கும் விலைக் குறைப்புக்கும்தான் என்றார் ஃபோர்டு. பத்து சதவீதப் பங்கு வைத்திருந்த டாட்ஜ் சகோதரர்கள் வழக்குத் தொடுத்தார்கள். அவர்கள் ஏற்கெனவே சொந்தக் கார் செய்யத் தொடங்கியிருந்தார்கள். ஃபோர்டு கொடுக்கும் ஈவுத்தொகையில்தான் அது வளரும் என்பது ஃபோர்டுக்கும் தெரியும். நீதிமன்றத்தில் அவர் ‘நான் மக்களுக்கு நன்மை செய்ய நினைக்கிறேன்’ என்கிற தோரணையில் பேசினார். லாபத்துக்காகத்தான் என்று சொல்லியிருந்தால் ஒருவேளை ஜெயித்திருப்பார். 1919-இல் மிச்சிகன் உச்ச நீதிமன்றம் சுமார் 1.9 கோடி டாலரைப் பங்குதாரர்களுக்குக் கொடுக்கச் சொன்னது. நிறுவனச் சட்டம் படிக்கிற மாணவர்கள் இன்றும் இந்தத் தீர்ப்பைப் படிக்கிறார்கள்.

ஃபோர்டு அடுத்து ஆடியது வேறு ஆட்டம். தலைவர் பதவியை மகன் எட்சலிடம் விட்டுவிட்டுக் கலிஃபோர்னியா போனார். புதிதாக ஒரு கம்பெனி தொடங்கி மாடல் டியை விட மலிவான கார் செய்யப்போவதாகச் செய்தி பரவ விட்டார். பங்கு வைத்திருந்தவர்கள் பதறினார்கள். 1919-க்குள் சுமார் 10.5 கோடி டாலருக்கு அத்தனை பங்கும் குடும்பத்தின் கைக்கு வந்துவிட்டது. கசன்ஸின் சகோதரி, பள்ளி ஆசிரியை, 1903-இல் போட்ட 100 டாலர் பங்குக்கு 2,60,000 டாலருக்கு மேல் பெற்றார்.

கசன்ஸ் 1915-இலேயே சண்டை போட்டுவிட்டு விலகியிருந்தார். வில்ஸ் 1919-இல் போனார். டாட்ஜ்களும் போயாயிற்று. ‘வேண்டாம்’ என்று சொல்லக்கூடியவர்கள் ஒவ்வொருவராக வெளியேற, ஃபோர்டு ஆனந்தப்பட்டார். அவர் நிர்வாகத்தில் நடந்த மிகப் பெரிய தப்பு இதுதான் என்பேன். நல்ல குணம் என்று நாம் பட்டியல் போடுகிற அவருடைய பிடிவாதம், எதிரே ஒரு கசன்ஸ் இருந்தவரை மட்டுமே நல்ல குணமாக இருந்தது.

சரி, 1927-இல் என்ன நடந்தது?

கதை 1912 வாக்கிலேயே தொடங்குகிறது. ஃபோர்டு ஐரோப்பா போயிருந்தபோது, அவரை மகிழ்விக்கலாம் என்று சிலர் மாடல் டியைக் கொஞ்சம் தாழ்வாக, அழகாக, பளபளக்கும் சிவப்பில் செய்து வைத்தார்கள். திரும்பி வந்தவர் கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். பேசவில்லை. திடீரென்று கதவைப் பிடித்து ஒரே இழுப்பில் பிடுங்கினார். அடுத்த கதவு. கண்ணாடி. மேற்கூரையைக் காலால் மிதித்துக் கிழித்தார். பார்த்துக்கொண்டிருந்த ஊழியர் ஒருவர் சொல்லியிருப்பது இது. அதற்குப் பிறகு யார் புது யோசனை சொல்லுவார்கள்?

1920-களில் உலகம் மாறியது. ஜெனரல் மோட்டார்ஸில் ஆல்ஃபிரட் ஸ்லோன் பணக்காரருக்கு ஒன்று, நடுத்தரத்துக்கு ஒன்று என்று வகை வகையாகக் கார் விட்டார். மாதத் தவணையில் விற்றார். மழைக்கு மூடிய கார், நிறம், வருடத்துக்கு ஒரு புது முகம். ஃபோர்டிடம் வேலை பார்த்த டென்மார்க்கார நூட்சனை ஃபோர்டு 1921-இல் இழந்தார். அந்த நூட்சன் எதிர்முகாமில் சேர்ந்து செவர்லேயைத் தூக்கி நிறுத்தினார். 1926 ஜனவரியில் எட்சலின் சகலை எர்னஸ்ட் கான்ஸ்லர், மாடல் டியின் காலம் முடிகிறது என்று மரியாதையான மொழியில் ஆறு பக்கக் கடிதம் கொடுத்தார். அந்த வருடமே வேலை போயிற்று. கடிதத்தில் இருந்தது அத்தனையும் சரி.

1927 மே 26-ஆம் தேதி ஒன்றரைக் கோடியாவது மாடல் டி வெளியே வந்தது. அதோடு நிறுத்தம். மாற்றாக எதுவும் தயாராக இல்லை. மாதக்கணக்கில் ஆலைகள் முடங்கின. பல்லாயிரம் பேருக்கு வேலையில்லை. டிசம்பரில் வந்த மாடல் ஏ நல்ல கார், நன்றாகவே விற்றது. ஆனால் முதலிடத்தை நிலையாகப் பிடித்துவைக்க முடியவில்லை.

மகனிடம் எப்படி நடந்துகொண்டார்?

எட்சல் 1919 முதல் பெயருக்குத் தலைவர். நல்ல ரசனை, அமைதியான மனிதர். அப்பா எல்லார் முன்னாலும் அவர் உத்தரவை ரத்து செய்வார். ஹைட்ராலிக் பிரேக் வேண்டும் என்று எட்சல் வருடக்கணக்கில் சொன்னார். போட்டிக் கம்பெனிகள் எல்லாம் போட்டு முடித்த பிறகு, 1939 மாடலில்தான் ஃபோர்டு காரில் வந்தது. எட்சல் 1943-இல், 49 வயதில் வயிற்றுப் புற்றுநோயால் இறந்தார். எண்பதை நெருங்கிய கிழவர் மறுபடியும் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

தொழிற்சங்கம், யூத வெறுப்பு பற்றியெல்லாம் ஏன் யாரும் பேசுவதில்லை?

பேச வேண்டும். 1920-களில் அவருக்குச் சொந்தமான டியர்பார்ன் வாரப் பத்திரிகை யூதர்களைப் பற்றி வெறுப்புக் கட்டுரைகளைத் தொடராக வெளியிட்டது. வழக்கு வந்ததும் 1927-இல் மன்னிப்புக் கேட்டார். பதினோரு வருடம் கழித்து, 1938-இல் நாஜி ஜெர்மனி கொடுத்த பதக்கத்தை வாங்கிக்கொண்டார். எந்தத் தலைமைப் பண்புப் பட்டியலும் இதைக் கழுவ முடியாது.

ஆலைக்குள் ஹாரி பென்னெட் என்பவரிடம் அடியாள் படை ஒன்றைக் கொடுத்திருந்தார். 1932 மார்ச்சில், வேலையிழந்தவர்கள் ரூஜ் ஆலையை நோக்கி ஊர்வலம் போனபோது போலீசும் ஆலைக் காவலர்களும் சுட்டதில் நான்கு பேர் இறந்தார்கள். காயமடைந்த ஐந்தாமவரும் பிறகு இறந்தார். 1937 மே மாதம் ஆலை வாசல் மேம்பாலத்தில் சங்கத் தலைவர் வால்டர் ரூதரையும் கூட வந்தவர்களையும் பென்னெட்டின் ஆட்கள் அடித்துத் துவைத்தார்கள். புகைப்படம் எடுத்தவரின் தகடுகள் தப்பின, நாடே பார்த்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1937-இலேயே சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டுவிட்டது. ஃபோர்டு 1941 ஜூன் வரை இழுத்தார். கையெழுத்துப் போடாவிட்டால் வீட்டை விட்டே போய்விடுவேன் என்று கிளாரா சொன்னதால்தான் இறங்கி வந்தார் என்று சோரன்சன் பிற்காலத்தில் எழுதினார். இன்ஜினுக்குப் பெட்ரோல் சொட்டு விட்ட அதே கிளாரா.

தமிழ்நாட்டோடு தொடர்பு உண்டா?

உண்டு. அவர் இறந்து அரை நூற்றாண்டு கழித்து மறைமலை நகரில் ஃபோர்டு ஆலை வந்தது. 2022-இல் அங்கே கார் உற்பத்தி நின்றது.

அவருக்குப் பிறகு கம்பெனி எப்படித் தப்பியது?

பெண்களால். எட்சலின் மனைவி எலினோர், என் மகனிடம் பொறுப்பைக் கொடுக்காவிட்டால் என் பங்கை விற்றுவிடுவேன் என்று நின்றார். கிளாராவும் சேர்ந்துகொண்டார். 1945 செப்டம்பரில் 28 வயதுப் பேரன் இரண்டாம் ஹென்றி ஃபோர்டு தலைவரானார். முதல் வேலையாகப் பென்னெட்டை வீட்டுக்கு அனுப்பினார். தாத்தா 1947 ஏப்ரல் 7 இரவு காலமானார். ரூஜ் ஆற்றில் வெள்ளம் வந்து மின்சாரம் போயிருந்ததால் வீட்டில் மெழுகுவர்த்தி வெளிச்சம்தான்.

பேரன் பொறுப்பேற்றபோது கம்பெனி மாதத்துக்குச் சுமார் ஒரு கோடி டாலர் நஷ்டத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ‘சுமார்’ என்றுதான் சொல்ல முடியும், ஏனென்றால் சரியான கணக்கு அங்கே யாரிடமும் இல்லை. கணக்கர்கள் வீண் செலவு என்று பெரியவர் அந்தத் துறையையே ஒடுக்கி வைத்திருந்தார். புதிதாக வந்தவர்கள் போய்ப் பார்த்தால், ஒரு பிரிவில் கட்ட வேண்டிய பில்களைக் கட்டுக்கட்டாகத் தராசில் வைத்து, எடையைப் பார்த்துத் தொகையை மதிப்பிட்டுக்கொண்டிருந்தார்களாம். கசன்ஸ் 65 சென்ட் வரை எழுதி வைத்த அதே கம்பெனியில்.